'சொல்லியும் போகல்ல' என்று இனிமேல் சொல்லாதீர்கள்

நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். இடையில் கோபம் வந்தால் கடைசி வரை வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

டித்வா போய் மாதங்கள் ஆகிவிட்டன. பண்டாரவளை டவுனில் ஒரு வசனம் மட்டும் இன்னும் போகவில்லை. கடையில் கேட்கிறேன், பஸ்ஸில் கேட்கிறேன், ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடும்போது கேட்கிறேன். ஏன், பாடசாலை ஆசிரியர் அறையிலும் கேட்கிறேன்: "அவங்களுக்குச் சொல்லியாச்சு தானே சேர். சொல்லியும் போகல்ல."

'அவங்க' யார் என்று விளக்கத் தேவையில்லை. தோட்டத்து ஆட்கள்.

இந்த வசனத்தில் இருக்கும் இரண்டு தகவலும் பல இடங்களில் உண்மை. சொன்னார்கள். போகவில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி இருக்கிறது. அதை நாம் வேண்டுமென்றே விட்டுவிடுகிறோம். எங்கே போவது?

மீரியபெத்தயை எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை. காலை ஏழரை மணியளவில் கொஸ்லாந்தைக்கு மேலே மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, வீட்டில் விட்டுவந்த ஆட்களும் இல்லை. முதல் நாட்களில் காணாமற்போனோர் நூற்றுக்கணக்கில் என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. பிறகு அந்த எண்ணிக்கை இறங்கி இறங்கி நாற்பதுக்குள் வந்து நின்றது. குறைந்தது நல்லதுதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு தோட்டப் பிரிவில் அன்று காலை எத்தனை பேர் இருந்தார்கள் என்று இந்த நாட்டுக்கு உடனே சொல்ல முடியவில்லை. முந்தின நாள் எத்தனை கிலோ கொழுந்து நிறுத்தார்கள் என்று கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்திருக்கும்.

அந்தக் கிழமையே 'சொல்லியும் போகல்ல' வந்துவிட்டது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தோம் என்று அதிகாரிகள் தொலைக்காட்சியில் சொன்னார்கள். சரி, எச்சரித்தார்கள். எச்சரித்தபோது கையில் என்ன கொடுத்தார்கள்? தப்பியவர்களிடம் ஊடகங்கள் கேட்டபோது அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: போக வேறு இடம் தரவில்லை.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். தப்பியவர்களில் பலர் மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் ஏறத்தாழ இரண்டு வருடம் கிடந்தார்கள். 2016 ஒக்டோபரில் பூனாகலை மாகல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. போய்க் குடியேறினார்கள். 'பிடிவாதக்காரர்' என்று நாம் சொன்ன அதே ஆட்கள்தான்.

இப்போது நான் கேட்கிறேன். அந்தக் காணி 2005இல் எங்கே இருந்தது? 2011இல் எங்கே இருந்தது? மலை விழுந்த பிறகு கடலுக்குள்ளிருந்து எழும்பி வந்த காணியா அது? அங்கேயேதான் இருந்தது. அதைக் கொடுப்பதற்கு மையித்துகள் தேவைப்பட்டன. இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் இதுதான் நடந்தது.

டவுனில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு லயன் அறை என்றால் என்ன என்று சரியாகத் தெரியாது. ரோட்டால் போகும்போது கூரைத் தகரம் தெரியும், அவ்வளவுதான். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்று, முன்னுக்கு ஒரு இஸ்தோப்பு, அதில் ஒரு குடும்பம், சில இடத்தில் இரண்டு குடும்பம். அது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் அதில் குடியிருந்தவர் இல்லை. துரை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. ஆக, காணி அரசாங்கத்தினது, தேயிலை கம்பனியினது, அறை தோட்டத்தினது. நாலு தலைமுறையாக அதற்குள் அடுப்பு எரித்தவருக்கு உறுதியும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்தால்தான் அறை கையில் நிற்கும் என்ற பயம் வேறு. அறையை விட்டுவிட்டு உறவினர் வீட்டுக்குப் போனால், திரும்பி வரும்போது அது இருக்குமா? இருந்தாலும், அவரது உறவினர் எங்கே இருக்கிறார்? பக்கத்துத் தோட்டத்தில், இன்னொரு மலைக்குக் கீழே, இன்னொரு லயத்தில்.

இவரிடம் போய் 'இந்த இடம் ஆபத்து, வெளியேறுங்கள்' என்று கடதாசி நீட்டுவதை நான் எச்சரிக்கை என்று ஏற்கமாட்டேன். அது நாளைக்கு விசாரணை வந்தால் காட்டுவதற்கு அலுவலகம் எழுதி வைக்கும் பற்றுச்சீட்டு.

இதே கதை நமக்கு நடந்தபோது நாம் என்ன செய்தோம் என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். மறந்துவிட்டீர்கள் போலத் தெரிகிறது.

மீரியபெத்த நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதே 2014 டிசம்பரில் உமாஓயாச் சுரங்கத்துக்குள் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்தது. புஹுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நம் காலடியில் சுரங்கம் குடைந்து, வெல்லவாயப் பக்கம் நிலத்துக்குள் 120 மெகாவோட் மின்நிலையம் வைக்கும் திட்டம். சுரங்கம் நிலத்தடி நீரை உறிஞ்சியது. ஹீல்ஓயா, மகுலெல்ல பக்கமெல்லாம் கிணறுகள் வற்றின, பீலிகள் நின்றன. ஆயிரக்கணக்கான வீடுகளின் சுவர்கள் வெடித்தன. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல் வெடித்தன. பவுசரில் தண்ணீர் வாங்க வாளியோடு வரிசையில் நின்ற நாட்கள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2017 ஜூனில் கடைகளை அடைத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கினோம். நட்டஈடு கேட்டோம், நிபுணர் குழு கேட்டோம், தண்ணீர் கேட்டோம். கேட்டது சரி. இன்றும் சரி என்றுதான் சொல்வேன். 2024 ஏப்ரல் 24இல் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து அந்தத் திட்டத்தைத் திறந்துவைத்தபோதும், எங்களுடைய வெடிப்புக்குப் பதில் எங்கே என்று கேட்டவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள்.

அந்த நாட்களில் யாராவது ஒருவர் நம்மைப் பார்த்து, 'வீடு வெடித்திருக்கிறது என்று தெரிந்தும் இவர்கள் ஏன் வெளியேறவில்லை' என்று கேட்டாரா? கேட்டிருந்தால் விட்டிருப்போமா? 'வாப்பா கட்டின வீடு, உறுதி இருக்கிறது, நான் ஏன் போக வேண்டும், செய்தவன் பொறுப்புச் சொல்லட்டும்' என்றுதான் பதில் சொல்லியிருப்போம். உறுதி உள்ளவன் போகாவிட்டால் அது உரிமை. உறுதி இல்லாதவன் போகாவிட்டால் அது மடத்தனம். இந்த இரட்டை அளவுகோலை வைத்துக்கொண்டு எப்படித் தொழுகையில் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்று எனக்கு விளங்கவில்லை.

இனி, அந்தச் 'சொல்லியாச்சு' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். என்ன சொன்னார்கள்? யாருக்கு? எந்த மொழியில்?

மண்சரிவு எச்சரிக்கை விடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது, எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளலாம். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டி, தொடர்ந்தும் பெய்தால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள், புறப்படத் தயாராக இருக்க வேண்டும். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேறுவது மட்டும்தான். டித்வா நேரத்தில் மலையகத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. சிவப்பின் இரண்டு மடங்கு.

அந்த நிறுவனத்தின் ஆட்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மண்சரிவு ஆபத்து வரைபடம் போடும் வேலையை அவர்கள் 1990இல் தொடங்கியதே பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான். அதாவது நம் மலைகளில் எது விழும், எது நிற்கும் என்று முப்பது வருடத்துக்கு மேலாகப் படிப்பு நடந்திருக்கிறது. அந்தப் படிப்பு லயத்து வாசலுக்கு வந்து சேரவில்லை. குறை அங்கே இருக்கிறது.

நவம்பர் 27 இரவு எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு அறிவித்தல் வந்தது. எந்த அலுவலகத்தினது என்பது வேண்டாம். முழுக்கச் சிங்களம். பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர், பக்கத்தில் நிறம். நான் அதைத் தமிழில் எழுதிப் போட்டேன். உடனே ஒரு தாய் குரல் பதிவு அனுப்பினார்: "சேர், இதுல எங்க டிவிசன் இருக்கா?" அந்தக் கேள்விக்கு அந்தக் கடதாசியில் பதில் இல்லை. ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் எத்தனை தோட்டம், ஒரு தோட்டத்துக்குள் எத்தனை டிவிசன், ஒரு டிவிசனுக்குள் மலைக்கு மேல் எத்தனை லயம், கீழ் எத்தனை லயம்! 'ஹல்துமுல்லை, சிவப்பு' என்றால் அந்தத் தாய் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எந்தத் திசையில் ஓட வேண்டும்? ஓடிப்போய் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? அந்தக் குழுவில் கடைசியாக வந்த செய்தி அதுதான். அதற்குப் பிறகு கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. (அந்தத் தாயும் பிள்ளைகளும் நலம். கேட்கப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.)

தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசகரும மொழி. நம் மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் வர்த்தமானியில் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. பெயர்ப்பலகையில் மூன்று மொழி அழகாக இருக்கிறது. உயிர் போகிற நேரத்தில் வருகிற கடதாசியில் ஏன் இல்லை? டித்வாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி நாடு முழுக்கக் கேட்கப்பட்டது. நம் ஊரில் கேட்டவர்கள் குறைவு, ஏனென்றால் நமக்குச் சிங்களம் தெரியும், நமக்குப் பிரச்சினை இல்லை.

வெளியேயும் பார்ப்போம். கேரளாவில் மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடி. 2020 ஓகஸ்ட் 6 இரவு மலை இறங்கி லயங்களை மூடியது. 70 பேர். அனேகமானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, போன் இல்லை, வெளியுலகத்துக்குத் தெரியவே அடுத்த நாள் விடிந்தது. நாடு வேறு, கம்பனி வேறு, அரசாங்கம் வேறு. லயம் மட்டும் அதே லயம். மலைக்குக் கீழே வரிசையாக அடுக்கி வைத்த அறைகளில் மனிதரை வைத்தால், தேசியக் கொடி எதுவானாலும் முடிவு ஒன்றாகத்தான் வருகிறது.

அதே கேரளாவில் வயநாடு, 2024 ஜூலை 30. சூரல்மலை, முண்டக்கை. அங்கே கல்பற்றாவில் ஹியூம் மையம் என்று ஒரு சிறிய அமைப்பு. மாவட்டம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்து, உள்ளூர் ஆட்களே அளந்து கணக்கு அனுப்பும் ஏற்பாடு செய்திருந்தார்கள். மலை விழுவதற்கு முந்தின நாள் காலையிலேயே, அந்தப் பக்கம் மழை கூடிவிட்டது, சரிவு வரலாம் என்று மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். பெரிய ராடார் இல்லை, செய்மதி இல்லை. டின்னில் விழுந்த தண்ணீரை அளந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சொல்லை வைத்து எல்லோரையும் நகர்த்தவில்லை என்பது அந்த ஊரின் துக்கம். அளந்தால் முன்கூட்டித் தெரியும் என்பது நமக்குப் பாடம்.

ஹொங்கொங் தெரியும் தானே, மலைச்சரிவில் மாடி மாடியாகக் கட்டிய ஊர். 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு சரிவு, நூற்றுக்கு மேல் மரணம். 1976இல் இன்னொன்று. 1977இல் சரிவுகளைக் கவனிக்க மட்டும் ஒரு அலுவலகம் திறந்தார்கள். இன்றைக்கு அங்கே மனிதர் வெட்டிய சரிவுகள் அறுபதாயிரம் அளவில் பதிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். இந்தச் சரிவைப் பராமரிப்பது யார் பொறுப்பு என்று தேடினால் பதில் கிடைக்கும். மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. மழை குறையவில்லை.

பண்டாரவளையில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் வெட்டுமலைக்கு யார் பொறுப்பு? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சிலருக்குத் தெரியும், அவர்கள் சொல்லமாட்டார்கள். நம் ஆட்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பத்துப் பேர்ச் காணியில் பன்னிரண்டு பேர்ச் வீடு கட்ட மலையை நட்டுக்குத்தாக வெட்டுகிறோம். தாங்கு சுவர் கட்டினாலும் அதில் தண்ணீர் வெளியேறக் குழாய் வைப்பதில்லை. சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும் என்பது மேசன் பாஸுக்குத் தெரியும், செலவு கூடும் என்று நாம்தான் வேண்டாம் என்கிறோம். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை கேட்டால், 'அதைச் சரிக்கட்ட ஆள் இருக்கு' என்கிறோம். தெரிவு இருந்தும் ஆபத்தைத் தெரிந்தே கட்டிக்கொள்கிற நாம், தெரிவே இல்லாதவரைப் பார்த்து மடையன் என்கிறோம்.

மலை ஏன் விழுகிறது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். நம் மலைகளின் பல இடங்களில் அடியில் பாறை, அதன் மேல் எத்தனையோ காலமாக மேலிருந்து உருண்டு வந்து தங்கிய மண்ணும் கல்லும். காய்ந்திருக்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நாட்கணக்கில் தண்ணீர் உள்ளே இறங்கினால், மண்துகள்களுக்கு நடுவில் நீரின் அழுத்தம் கூடும், பிடி தளரும். அதனால்தான் மழை விட்ட பிறகும் மலை விழலாம். வெயில் வந்துவிட்டது என்று திரும்பிப் போகக்கூடாது. பழைய தோட்டங்களில் 'கான்' வெட்டுவது ஒரு முக்கியமான வேலை. கான் சரியாக ஓடினால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் ஓடைக்குப் போகும். இன்று எத்தனை மலையில் கான் மூடிப் புல் முளைத்துக் கிடக்கிறது என்று கொழுந்து பறிக்கும் எந்த அக்காவிடமும் கேளுங்கள், மலை நம்பரோடு சொல்வார். அந்த அறிவை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

அறிகுறிகளும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். நிலத்தில் புதிதாக வெடிப்பு. நேராக நின்ற மரமோ கரண்ட் கம்பமோ சாய்வது. நேற்று வரை சரியாக மூடிய கதவு இன்று இறுகுவது. இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று கலங்கி வருவது, திடீரென்று நிற்பது. இதில் ஒன்றைக் கண்டாலும் நிறத்துக்குக் காத்திருக்காமல் நகருங்கள். 117க்கு அடியுங்கள். அடிக்கச் சிக்னல் இல்லாவிட்டால் சத்தம் போடுங்கள்.

இனி நம் ஜமாஅத்தில் சிலர் சொல்லும் இன்னொரு பதிலுக்கு வருகிறேன். "எல்லாம் கத்ர் சேர். அல்லாஹ் எழுதினது நடக்கும்." ஈமானில் எனக்கும் அதுதான். ஆனால் இதைச் சொல்பவர் தன் கடைக்கு மூன்று பூட்டுப் போடுகிறார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸ் மத்ரஸா முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் சிரியாவுக்குப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுப் படையோடு திரும்பிய சம்பவத்தை மௌலவிமார் எத்தனை தடவை பயான் செய்திருக்கிறார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் உமர் பதில் சொன்னார்கள். புல் உள்ள பள்ளத்தாக்கும் புல் இல்லாத பள்ளத்தாக்கும் இருந்தால் ஒட்டகத்தை எங்கே மேய்ப்பாய் என்றும் கேட்டார்கள். என் கேள்வி அதற்கு அடுத்தது. புல் உள்ள பள்ளத்தாக்கைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, 'கம்பனிக் காணி, உட்பிரவேசிக்கத் தடை' என்று பலகை மாட்டியிருந்தால்? வேலி போட்டவரைப் பார்த்துப் பேசாமல், மேய்ப்பவனுக்குக் கத்ர் பயான் செய்வது மார்க்கமா?

டித்வா நேரத்தில் நாம் சும்மா இருந்தோம் என்று நான் சொல்லவில்லை. பள்ளிவாசலில் டேக் டேக்காகச் சோறு சமைத்தோம். பன்சலையிலும் கோயிலிலும் தேவாலயத்திலும் அப்படியே. யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் பாய் விரித்தோம். வாலிபர்கள் மண்வெட்டியோடு போனார்கள், வழியில்லாத இடத்துக்குத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சோற்றுப் பார்சலில் இந்த ஊரை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் பார்சல் கட்டிய அதே கையால் பேஸ்புக்கில் 'சொல்லியும் போகல்ல' என்று எழுதினால், அந்தப் பார்சலை வாங்கியவர் அதையும் வாசிக்கிறார். தோட்டத்திலும் போன் இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வசனம் வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். இதற்கு இப்போது விலை இருக்கிறது. நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் உயிர்கள் போன பிறகு, வீட்டை முற்றாக இழந்தவர்களுக்கு வீடு கட்ட 50 இலட்சம் ரூபா வரை, அரச காணி இல்லாத இடத்தில் காணி வாங்க 50 இலட்சம் வரை என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல அறிவிப்பு, மறுக்கவில்லை. இப்போது லயன் அறைக்கு வாருங்கள். அறை யாருடையது? தோட்டத்தினது. அப்படியென்றால் வீட்டை இழந்தவர் யார்? தோட்டமா? சுவர் வெடித்து, இன்னும் விழாமல் நிற்கும் லயத்தில் இருப்பவர் 'பாதிக்கப்பட்டவரா', 'பாதிக்கப்படப்போகிறவரா'? படிவத்தில் 'உரிமையாளர்' என்ற கட்டத்துக்கு நேரே அவர் என்ன எழுதுவார்? இந்த இடத்தில்தான் 'சொல்லியும் போகல்ல' உதவிக்கு வருகிறது. பழியை அவர் மேலேயே போட்டுவிட்டால், காணி கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லாமல் போகிறது. கம்பனிக்கு வசதி, அலுவலகத்துக்கு வசதி. நமக்கு என்ன லாபம் என்றுதான் தெரியவில்லை. நாம் இலவசமாக அவர்களுக்கு வக்கீல் வேலை பார்க்கிறோம்.

மீரியபெத்தக்குப் பிறகு ஒன்பதாவது வருடம், 2023 மார்ச் 19 இரவு, அதே பூனாகலைப் பக்கம் கபரகலைத் தோட்டத்தில் மண் இறங்கியது. ஆட்கள் காயப்பட்டார்கள், குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. அதன் பிறகு 2025 நவம்பர். ஒரே மூலை, ஒரே கதை. ஒவ்வொரு முறையும் விழுந்த லயத்துக்கு மட்டும் பதில் தேடுகிறோம். பக்கத்தில் விழாமல் நிற்கும் லயத்தை, விழுந்த பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுகிறோம்.

'சரி சேர், எங்களால் என்ன செய்ய முடியும், காணி கொடுக்க நாங்கள் யார்' என்பீர்கள். காணி கொடுக்க முடியாது. கேட்க முடியும். உமாஓயாவுக்குக் கடையடைத்த ஊர் இது. வர்த்தகச் சங்கமும் பள்ளிவாசல் நிர்வாகமும் பன்சலையும் கோயிலும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதினால் மாவட்டச் செயலகம் அதைக் குப்பைத் தொட்டியில் போடாது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆபத்து என்று ஏற்கனவே குறித்து வைத்திருக்கும் லயங்களின் பட்டியலைத் தமிழிலும் சிங்களத்திலும், டிவிசன் பெயரோடு, எல்லாரும் பார்க்க ஒட்டுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மாற்றுக் காணி எங்கே, எந்தத் திகதிக்குள் என்று எழுதுங்கள். உறுதியோடு கூடிய காணி. திகதி இல்லாத பட்டியல் நமக்கு வேண்டாம்.

அது நடக்கும் வரைக்கும் நம் கையில் உள்ளது கொஞ்சம் இருக்கிறது. நம் ஊருக்குப் பலத்த மழை கச்சான் காலத்தில் வருவதில்லை. நுவரெலியாப் பக்கம் ஜூனில் நனையும்போது நமக்குக் காற்றுதான். நமக்கு ஆபத்து ஒக்டோபரிலிருந்து. ஆகவே நாள் இருக்கிறது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளோடு மழை அளக்கத் தொடங்கியிருக்கிறேன். நேரான சுவர் உள்ள டின் ஒன்று, அடிமட்டம் ஒன்று. தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதி, டின்னைக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப வைப்பது. விஞ்ஞானப் பாடத்திலும் இருக்கிறது, செலவும் இல்லை. 75, 100, 150 மூன்று கோட்டையும் நிறத்தோடு பிள்ளைகளே டின்னில் கீறிவிட்டார்கள். லீவு நாளில் அளக்கப் பக்கத்து லயத்துப் பிள்ளை ஒன்று பொறுப்பெடுத்திருக்கிறது. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் பெய்யும் மழை அந்தப் பக்கம் பெய்யாது, நமக்குத் தெரிந்த விஷயம். ஆகவே ஒரு பாடசாலை போதாது. தோட்டப் பாடசாலைகளில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், ஒரு குழு தொடங்குவோம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். பாங்குக்கு இருக்கும் ஒலிபெருக்கி, சிவப்பு வந்தால் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும். கரண்ட் போனாலும் வேலை செய்யப் பேட்டரி வேண்டும். அதற்குச் சந்தா சேர்க்கிறோம் என்றால் முதல் பெயராக என்னை எழுதுங்கள். மண்டபத்தை நடு இராத்திரியில் திறக்க வேண்டி வந்தால் சாவி யாரிடம் இருக்கும்? அவருடைய போன் நம்பர் எந்தத் தோட்டத்துத் தலைவர்மாரிடம் இருக்கிறது? போன் வேலை செய்யாவிட்டால் அவர் வீடு எது? போன நவம்பரில் வந்தவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். இந்த முறை 'வாருங்கள், கதவு திறந்திருக்கிறது, திரும்பிப் போகும்போது உங்கள் அறைக்கு நாங்களும் கூட வருகிறோம்' என்று முன்கூட்டியே போய்ச் சொல்ல ஆள் வேண்டும். வரும் ஞாயிறு நான் இரண்டு டிவிசனுக்குப் போகிறேன். கூட வருகிறவர்கள், சாவி வைத்திருப்பவர்கள், கீழே பெயரை எழுதுங்கள்.